11 ஜிபி காலி, ஆனால் இடமில்லை

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்தபோது கண்ணில் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு படுத்திருந்தேன். புரை எடுத்து இரண்டு வாரமாகிறது. நேற்றுதான் திரையைப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். எழுத்தெல்லாம் இவ்வளவு கறுப்பாக இருக்குமென்று மறந்தே போயிருந்தேன்.

உன் பென் டிரைவ் பழுதாகவில்லை, தூக்கிப் போட்டுவிடாதே. 11 ஜிபி காலியாக இருந்தும் 5 ஜிபி வீடியோ ஏறமாட்டேன் என்கிறதே, அது இடத் தகராறு அல்ல, கணக்குத் தகராறு.

டிஸ்க்குக்கு (பென் டிரைவும் அந்த இனம்தான்) கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண் போட்ட கட்டங்கள்தான். எந்தப் பெயருக்கு எந்தெந்தக் கட்டம், மொத்தம் எத்தனை பைட் என்று ஒரு பேரேடு அந்த டிஸ்க்கிலேயே இருக்கும். பேரேட்டை எப்படி எழுதவேண்டும் என்ற விதிகளைத்தான் கோப்பு முறைமை என்கிறோம். ஃபார்மட் செய்வது புதுப் பேரேடு போடுவது மாதிரி. விரைவு ஃபார்மட் சில நொடியில் முடிவதும் அதனால்தான். கட்டங்களை அது தொடுவதே இல்லை.

உன் பென் டிரைவின் கோப்பு முறைமை ஃபேட்32 ஆக இருக்கும். 1996இல் விண்டோஸ் 95 காலத்தில் வந்தது. அதன் பேரேட்டில் ஒரு கோப்பின் அளவை எழுத நான்கே பைட் ஒதுக்கியிருக்கிறார்கள். நான்கு பைட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. கிடங்கு காலியாகக் கிடந்தாலும் ரசீதில் எண் எழுதக் கட்டம் போதவில்லை. அன்றைக்கு 4 ஜிபியில் ஒரே கோப்பு என்றால் சிரித்திருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

உள்ளே இருப்பதை முதலில் வேறெங்காவது நகல் எடுத்துக்கொள். பிறகு இந்த 4 ஜிபி தகராறு இல்லாத எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமையைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் செய். விண்டோஸ், மேக், புதிய லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பழைய டிவிப் பெட்டி சிலது அதைப் படிக்காது, அதையும் பார்த்துக்கொள். எழுதி முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கும் உன் பழைய பழக்கம் இன்னும் இருக்கிறதா? எக்ஸ்ஃபேட்டில் அது ஆபத்து. 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகள் எல்லாம் பேரேட்டைத் திருத்துமுன் 'இன்னதைத் திருத்தப்போகிறேன்' என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவிடும். பாதியில் மின்சாரம் போனாலும் அதைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அந்தக் குறிப்பேடு கிடையாது.

என் கதை ஒன்று சொல்கிறேன். பல வருடம் சேர்த்த தமிழ்க் கட்டுரைகளை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றினேன். தலைப்பு முழுவதையும் கோப்பின் பெயராக வைப்பது என் வழக்கம். 40 கோப்புகள் வரமாட்டோம் என்று நின்றுவிட்டன. டிஸ்க் போச்சு என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினேன். விஷயம் வேறு. எக்ஸ்ட்4இல் பெயருக்கு 255 பைட்தான். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் உயிர்மெய்க் குறி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட். 'தொகுப்பு' என்று நீயும் நானும் நான்கு எழுத்தாக எண்ணுவோம். எக்ஸ்ட்4 அதை 8 குறியீடு, 24 பைட் என்று கணக்கெழுதுகிறது. என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணாமல் குறியீட்டை எண்ணுவதால் அங்கே 255 குறியீடு வரை தாராளம். தலைப்புகளை வெட்டி வெட்டித்தான் கொண்டுவந்தேன், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு.

பழைய மேக் இன்னொரு விளையாட்டுக் காட்டும். 'தொ'வில் உள்ள கொம்பையும் காலையும் பிரித்துச் சேமிக்கும். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கும் லினக்ஸில் கொண்டுவந்து போட்டால் கண்ணுக்கு ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே நிற்கும். என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன்!

தவறி அழித்த படங்கள் திரும்ப வருமா என்று கேட்டிருந்தாய். அந்தப் பென் டிரைவில்தானே? அப்படியானால் இனி ஒன்றும் எழுதாதே. ஃபேட்டில் அழித்தால் பெயரின் முதல் எழுத்தின் மேல் ஒரு குறி விழும், அந்தக் கட்டங்கள் காலி என்று கணக்கில் ஏறும், அவ்வளவுதான். படம் அங்கேயே கிடக்கும், வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில், அழித்ததை மீட்கும் 'அன்டெலீட்' கட்டளை நம்மிடம் முதல் எழுத்தைக் கேட்குமே, ஞாபகமிருக்கிறதா? மடிக்கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம் என்றால் நம்பிக்கை குறைவு. அழித்த கட்டங்களை அது தானே துடைத்துவிடும்.

ஆகவே படங்களை மீட்ட பிறகுதான் ஃபார்மட், அதற்கு முன் வேண்டாம். வீடியோ ஏறியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, இந்தப் புதுக் கண்ணால் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் ராஜு