ஒற்றை இழை கேட்டேன், வந்தது இரட்டை இழை

வணக்கம்,

போன மாதம் உங்களிடம் எம்13எம்பி18 (ஒரு வைரஸின் வளைய டிஎன்ஏ) மூன்று குழாய் வாங்கினேன். கேட்டது ஒற்றை இழை. சீட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. உள்ளே இருப்பது இரட்டை இழை. இதைக் கண்டுபிடிக்கவே மூன்று வாரம் போய்விட்டது, அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

தங்க நானோதுகள்களை வரிசையாக நிறுத்த எனக்கு ஓர் அச்சு வேண்டும். 2006-இல் பால் ரோத்மண்ட் செய்துகாட்டிய டிஎன்ஏ ஓரிகாமிதான்: 7,249 எழுத்து நீளமுள்ள வளைய இழையை 200-க்கும் மேற்பட்ட குட்டி ஸ்டேபிள் இழைகள் அங்கங்கே பிடித்து மடக்கிச் செவ்வகமாக்கும், அதில் நீட்டிவிட்ட முனைகளில் தங்கம் போய் ஒட்டும். நீள இழை தனியாக இருந்தால்தானே ஸ்டேபிளுக்குப் பிடிக்க இடம்? ஜோடி இழை ஏற்கெனவே முழுக்கப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. (சூடாக்கினால் பிரியுமே என்பீர்கள். இரண்டும் மூடிய வளையங்கள், சங்கிலிக் கண்ணிபோல் கோத்துக் கிடப்பவை. ஆறினால் பழையபடி சேர்ந்துகொள்ளும்.)

இது தெரியாமல் மடக்கும் கரைசலில் மெக்னீசியத்தைக் கூட்டினேன், குறைத்தேன், 95 டிகிரியிலிருந்து ஆறவிடும் வேகத்தை மாற்றினேன், ஸ்டேபிள்களைக்கூடப் புதிதாக வரவழைத்தேன். அணுவிசை நுண்ணோக்கியில் ஒரு செவ்வகம்கூடக் கண்ணில் படவில்லை. உங்கள் உதவிப் பிரிவிடம் கேட்டதற்கு வந்த பதில் ஒரே வரி: மெக்னீசியம் அளவைச் சரிபார்க்கவும். அதைத்தானே இத்தனை நாளும் செய்துகொண்டிருந்தேன்!

கடைசியில் எஸ்1 நியூக்ளியேஸ் போட்டுப் பார்த்தேன். ஒற்றை இழையைத் தின்று தீர்க்கும் நொதி அது, இங்கே பெரிதாக எதையும் கரைக்கவில்லை. இரட்டை இழையை வெட்டும் நொதியான ஈகோஆர்1 போட்டால், இழைகளை நீளவாரியாகப் பிரித்துக்காட்டும் ஜெல்லில் ஏழாயிரத்துச் சொச்சம் எழுத்து நீளத்தில் பளிச்சென்று ஒரே பட்டை. அப்புறம்தான் உங்கள் தரச்சான்றைத் திரும்பப் படித்தேன். 260 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலை 50-ஆல் பெருக்கிச் செறிவு கணக்கிட்டிருக்கிறீர்கள். அது இரட்டை இழைக்கான எண், ஒற்றை இழைக்கு 33 வாக்கில் வரும். அளந்தவருக்குச் சரக்கு என்னவென்று தெரிந்திருக்கிறது, சீட்டு ஒட்டியவருக்குத்தான் தெரியவில்லை போல.

எனக்கு அசல் ஒற்றை இழை மூன்று குழாய் வேண்டும், கட்டணமில்லாமல். அனுப்புமுன் அந்தத் தொகுதியின் ஜெல் படத்தைக் காட்டுங்கள். வீணாய்ப்போன ஸ்டேபிள்களின் விலையையும் நீங்கள்தான் தர வேண்டும், ரசீது இணைத்திருக்கிறேன். இதே தொகுதி எண்ணில் வாங்கிய மற்றவர்களுக்கும் உடனே தெரிவியுங்கள், அவர்களும் இப்போது மெக்னீசியத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். திறக்காத குழாய் ஒன்று மீதி இருக்கிறது, சோதிக்க வேண்டுமென்றால் ஆளனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்