மங்கா போட்டி நடத்தியவர்களுக்கு: மதிப்பெண் தாளைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டாளர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். புதுச்சேரியில் நீங்கள் நடத்திய அமெச்சூர் மங்கா (ஜப்பானிய பாணிச் சித்திரக்கதை) போட்டியின் தேர்வுப் பட்டியலை எல்லோரும் பார்த்தாகிவிட்டது. தேர்வானவர்களுக்கு மனமார்ந்த வாழ்த்துகள். பட்டியலைத் திருத்தச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. தேர்வாகாதவர்களுக்கு வந்தது ஒரே வரி: "பங்கேற்றமைக்கு நன்றி, தொடர்ந்து வரையுங்கள்." எதைத் தொடர்வது, எதை மாற்றுவது? கதை, பேனல் (கதைக் கட்டம்) அமைப்பு, கோடு, லெட்டரிங் (வசன எழுத்து) என்று நான்கு தலைப்பில் மதிப்பெண் போடுவதாக விதிமுறையில் எழுதியவர்கள் நீங்கள்தான். போட்ட மதிப்பெண்ணைக் காட்டுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

இதை இவ்வளவு அழுத்திக் கேட்கக் காரணம், படைப்பை அனுப்ப நீங்கள் வகுத்த படிவம். 16 பக்கம், ஏ4, ஒரே பிடிஎஃப், 5 எம்பிக்கு மேல் போகக் கூடாது. பக்கத்துக்கு சுமார் 320 கேபி வருகிறது. அச்சுக்குப் போகும் மங்கா பக்கத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 பிக்சல்), சாம்பல் கலக்காத கறுப்பு வெள்ளையில் வைப்பதுதான் வழக்கம். அந்தக் கணக்கில் ஒரு ஏ4 பக்கம் 4961 × 7016 பிக்சல். சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கமே 4 எம்பியைத் தாண்டும். டோன் என்பது நிழல் காட்டப் போடும் நுண்புள்ளி வரிசை. ஸ்கேன் செய்த டோன் பக்கத்தை 320 கேபிக்குள் அடக்க வேண்டுமென்றால் படத்தின் அளவையே குறைத்தாக வேண்டும். 1200 பிக்சல் உயரத்துக்குக் குறைக்கிறோம் என்று வையுங்கள். 60 வரி டோன் என்றால் அங்குலத்துக்கு 60 வரிசைப் புள்ளி. ஏ4 உயரம் 11.7 அங்குலம். மேலிருந்து கீழே சுமார் 700 வரிசை. ஒரு புள்ளியையும் பக்கத்து வெள்ளையையும் பிரித்துக் காட்டவே குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். இங்கே அதுகூட இல்லை. விளைவு மொய்ரே, அதாவது புள்ளிகள் குழம்பித் தோன்றும் அலைக்கோலம். கன்னத்தில் மெல்லிய நிழலாக இருந்தது கட்டம்போட்ட லுங்கியாகிவிடும். அதற்கு மேல் ஜேபெக் சுருக்கம் வேறு. ஜி-பேனா என்ற மை நிப்பில் இழுத்த மயிரிழைக் கோட்டைச் சுற்றிச் சாம்பல் புழுதி படிந்து, கோட்டின் நுனியே காணாமல் போகும்.

இது வரைகிறவர்களுக்குத் தெரியாததல்ல. நடுவர்கள் திரையில்தான் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால், கிளிப் ஸ்டுடியோ என்ற வரையும் மென்பொருளில் வரைபவர்கள் லேயரின் டோனை அணைத்துவிட்டு வெறும் சாம்பலாகவே ஏற்றியிருப்பார்கள். ஆனால் விதிமுறை என்ன சொல்கிறது? "சாம்பல் நிறம் ஏற்கப்படாது, டோன் மட்டுமே." புள்ளி டோனும் வேண்டும், 5 எம்பிக்குள்ளும் வேண்டும். கையால் ஒட்டியவர்கள் பாடு இன்னும் மோசம். டோன் தாளை நம்மூர் ஸ்டேஷனரிக் கடையில் கேட்டால் விழிப்பார்கள். ஆன்லைனில் வரவழைத்து, அடித்தாள் கிழியாமல் கட்டரால் வெட்டி, தேய்த்து ஒட்ட வேண்டும். அதை அணைக்கப் பொத்தான் கிடையாது.

இப்போது சொல்லுங்கள். 'கோடு' என்ற தலைப்பில் ஒருவருக்கு மதிப்பெண் குறைந்திருந்தால், பழுது அவர் கையிலா, உங்கள் படிவத்திலா? தாளைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

லெட்டரிங் கதையும் இதேதான். ஜப்பானிய வசனம் மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக ஓடுகிறது. அதனால் அங்கே வசனம் எழுதும் பலூன் நெட்டையாக இருக்கிறது, பேனலும் வலமிருந்து தொடங்குகிறது. தமிழ் வசனத்தை நெட்டைப் பலூனுக்குள் நுழைத்தால் வரிக்கு ஒரு சொல் நிற்பதே பெரும்பாடு. அகலப் பலூன் போட்டவர்களை "மங்கா பாணி இல்லை" என்று ஒதுக்கிவிட்டீர்களோ என்ற சந்தேகம் பலருக்கு இருக்கிறது. சந்தேகம் தவறாகவும் இருக்கலாம். தாளைக் காட்டினால் தீர்ந்துபோகும்.

பரிசளிப்பு விழா பேனருக்கு எம்பி வரம்பு எதுவும் இல்லை போலிருக்கிறது, பளபளவென்று இருந்தது. மேடையில் சிறப்பு விருந்தினர், "பிள்ளைகள் பொம்மை போடுவதை ஊக்குவிக்க வேண்டும்" என்றார். பிரான்சில் சித்திரக்கதையை ஒன்பதாவது கலை என்கிறார்கள். பிரெஞ்சுத் தெருப் பெயர்ப் பலகைகளைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் ஊரில் நாம் இன்னும் பொம்மையிலேயே நிற்கிறோம். சரி, அது வேறு பஞ்சாயத்து.

ஜப்பானில் வரைந்த தாள்களோடு பதிப்பகத்துக்கே போய்க் காட்டும் வழக்கம் உண்டு; மொச்சிக்கோமி என்பார்கள். ஆசிரியர் குழுவில் ஒருவர் எதிரில் உட்கார்ந்து படித்துவிட்டு, எது தேறவில்லை என்று சொல்லி அனுப்புவார். அங்கிருந்து டோனை எடுத்துக்கொண்டீர்கள், வலமிருந்து இடமாகப் படிப்பதை எடுத்துக்கொண்டீர்கள், இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். தேர்வாகாத ஒவ்வொரு படைப்புக்கும், பதிவு எண்ணுக்கு நேராக நான்கு மதிப்பெண்ணும் நடுவரின் இரண்டு வரிக் குறிப்பும் அனுப்பிவையுங்கள். "நான்காம் பக்கத்தில் யார் பேசுகிறார் என்று புரியவில்லை" என்ற அளவில் இருந்தால்கூடப் போதும். எல்லோருக்கும் தெரிய வேண்டாம் என்றால் தனித்தனி மின்னஞ்சலில் அனுப்பலாம். அடுத்த போட்டிக்குப் பக்கத்துக்கு ஒரு பிஎன்ஜி, 600 டிபிஐ, டிரைவ் இணைப்பு என்று கேளுங்கள். திரையில் மட்டும்தான் பார்ப்பீர்கள் என்றால் சாம்பலை அனுமதியுங்கள்.

இன்னொன்று. பிடிஎஃபோடு கொடுத்த அசல் தாள்கள் இன்னும் உங்களிடம்தான் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் தபாலில் அனுப்ப வேண்டாம். ஈரம் பட்டால் தாள் நெளியும், டோன் ஓரம் தூக்கிக்கொள்ளும். நாளும் நேரமும் சொன்னால் கடலூர்க்காரர்கள் உட்பட எல்லோரும் நேரில் வந்து வாங்கிக்கொள்வார்கள். மதிப்பெண் தாளையும் அதனோடு சேர்த்தே கொடுத்துவிட்டால் உங்களுக்கும் ஒரு வேலை மிச்சம்.

இப்படிக்கு,
புதுச்சேரி, கடலூர் வட்டார மங்கா வரைவோர் சிலர்