தலையாட்டும் பிள்ளைகள்

அன்பு மகளுக்கு,

ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் நான்கு பையன்களும், பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வேலைப்பயிற்சிக்கு வரும் இரண்டு மாணவர்களும், சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் உள்ள பட்டறையில் திங்கட்கிழமை முதல் உன் பொறுப்பில் வேலை செய்யப்போவதாகச் சொன்னாய். அப்போது நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு.

1996இல் ஜூரோங்கில் ஓர் இரும்புப் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தேன். தகட்டின் விளிம்பு கையைக் கிழித்துவிடும், கையுறையைக் கழற்றவே கூடாது என்று, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து ஒன்பதே நாளான ஒரு பையனிடம் காலையில் கண்டிப்பாகச் சொன்னேன். பிற்பகல் ஆள் குறைந்ததால் அவனையே டிரில்லிங் மெஷினில் நிறுத்தினேன். சுழலும் முனையில் கையுறையின் ஒரு நூல் சிக்கினாலும் அது கையையே சுருட்டி இழுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தெரியுமா என்று கேட்டேன், தலையாட்டினான். என் சொல்லை மீறாமல் கையுறையோடு நின்றதால்தான் அவனுடைய இரண்டு விரல்கள் போயின. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிய தாளில் நானும் கையொப்பமிட்டேன். அந்தக் கையொப்பம் இன்றும் என்னை உறுத்துகிறது.

கடன் வாங்கி ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வந்தவன், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தில், தனக்கு ஒரு வேலை தெரியாது என்று வாய் திறக்க மாட்டான். மதிப்பெண்ணை நினைத்து மாணவனும் திறக்க மாட்டான். ஆகவே புரிந்ததா என்று கேட்காதே, அம்மா. செய்து காட்டச் சொல். வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் சொன்னது பிற்பகல் மாறும் வேலைக்குப் போதாது. ஆளை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிக்கொடு.

2004இல் சுரங்க ரயில் கட்டுமானப் பணியின்போது நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து நால்வர் மாண்டதற்குப் பிறகு, 2006 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதல் குற்றத்துக்கே நிறுவனத்துக்கு 500,000 சிங்கப்பூர் வெள்ளி வரையிலும், தனிமனிதருக்கு 200,000 வெள்ளி வரையிலும் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. தனிமனிதருக்கு இரண்டாண்டு வரை சிறையும் உண்டு. உன்னை அச்சுறுத்த இதை எழுதவில்லை. வேலையை முடித்தாக வேண்டும் என்று மேலாளர் நெருக்கும் நாளில், பழகாத பையனை இயந்திரத்தில் நிறுத்த மாட்டேன் என்று மறுக்க அந்தச் சட்டம் உனக்குத் துணைநிற்கும்.

திங்கட்கிழமை வேலையைத் தொடங்குமுன், இயந்திரத்தை நிறுத்தும் அவசரப் பொத்தானை ஆறு பேரும் தத்தம் கையால் தொட்டுக் காட்டட்டும். மாலையில் எனக்கு ஒரு வார்த்தை தெரிவி.

அன்புடன்,
அப்பா