ஐஸ் டிரம் வேண்டாம், கிணற்றுக்கு வா

அணைக்கட்டு
மார்கழி மாதம்

அன்புள்ள சேகருக்கு,

இங்கு எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்குப் பார்த்த வரன் கூடி வந்துவிட்டது, தையில் நிச்சயம். பத்திரிகை வரும்.

நேற்று உன் பெரியவன் போன் செய்தான். நீ ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்து குளிக்க 200 லிட்டர் நீல டிரம் வாங்கி மொட்டைமாடியில் வைத்திருக்கிறாயாம். ஐஸ் பார் காரனிடம் தினமும் கொண்டுவந்து போட விலையும் பேசிவிட்டாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. போனில் சொன்னால் "சரி சரி" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

குளிர்ந்த தண்ணீரே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. இந்த வருஷம் ஐப்பசி மழையில் நம் கிணறு நன்றாக ஏறியிருக்கிறது. எட்டுப் படி இறங்கினால் தண்ணீர். விடியற்காலையில் தம்பியும் நானும் போகிறோம். இடுப்பளவு இறங்கி நின்று, மூச்சு சீரான பிறகு கழுத்துவரை போவேன். இரண்டு சுற்று நீந்திவிட்டு ஏறினால் மத்தியானம்வரை தலை அவ்வளவு தெளிவாக இருக்கிறது. எரிச்சல் குறைந்திருக்கிறது என்று வீட்டில் அவளே சொல்கிறாள். இதை விடுவதாக இல்லை.

ஆனால் உன் கதை வேறு. நீ பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவன்.

சில்லென்ற தண்ணீர் தோலில் பட்டதும் நம்மைக் கேட்காமலே உடம்பு ஒரு வேலை செய்கிறது. வாய் திறந்து ஒரு பெரிய மூச்சை இழுக்கும், அப்புறம் மூச்சு இரைக்கும். தோலில் ஓடும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், இதயம் வேகமெடுக்கும், பிரஷர் சட்டென்று ஏறும். முதல் அரை நிமிஷம்தான் உச்சம். இரண்டு மூன்று நிமிஷத்தில் அடங்கிவிடும். அந்த முதல் மூச்சை இழுக்கும்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தவனும் தண்ணீர் குடித்துவிடுவான். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்து மைக் டிப்டன் பல வருஷங்களாக இதைத்தான் ஆராய்கிறார். அவர் சொல்லும் இன்னொன்றுதான் என்னை உலுக்கியது. குளிர் இதயத்தை வேகமாக அடி என்கிறது. முகம் தண்ணீரில் மூழ்கினால் இன்னொரு நரம்பு மெதுவாக அடி என்கிறது. இரண்டு உத்தரவும் ஒரே நேரத்தில் வந்தால் துடிப்பு தாறுமாறாகலாம். ஏற்கெனவே இதயத்தில் கோளாறு உள்ளவனுக்கு அது உயிருக்கே ஆபத்து. நீயோ தலையோடு முங்குவேன் என்று பையனிடம் சவால் விட்டிருக்கிறாய்!

தண்ணீர் 25 டிகிரிக்குக் கீழே போனாலே இந்தத் திணறல் ஆரம்பிக்கிறது. 15 டிகிரியையும் தாண்டி இறங்கினால் கடுமை. நம் கிணற்றில் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தேன், இந்த மார்கழியில் 24 டிகிரி காட்டியது. நமக்கு அது போதும். பழகப் பழக அந்தத் திணறல் குறைந்துவிடுகிறது. சில முறை இறங்கினாலே வித்தியாசம் தெரியும். உன் டிரம்மையும் கணக்குப் பார்த்தேன். 150 லிட்டர் தண்ணீரை 28-லிருந்து 15 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 20 கிலோ ஐஸ் வேண்டும். தினமும் 20 கிலோ! சென்னை வெயிலில் அதைச் சுமந்து மூன்று மாடி ஏற்றி, யாருக்காக இந்தப் பாடு?

நெதர்லாந்தில் 3,000 பேருக்கு மேல் சேர்த்து ஒரு ஆய்வு நடத்தி 2016-ல் வெளியிட்டார்கள். வழக்கமான வெந்நீர்க் குளியலின் கடைசியில் 30, 60, 90 விநாடி என்று குழாயின் குளிர்ந்த தண்ணீரில் நிற்கச் சொன்னார்கள். அவர்கள் உடம்பு சரியில்லை என்று லீவு போடுவது 29 சதவீதம் குறைந்தது. நோய்ப்பட்ட நாட்கள் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 30 விநாடி நின்றவனுக்கும் 90 விநாடி நின்றவனுக்கும் பலனில் வித்தியாசமில்லை. இதயக் கோளாறு போன்ற கடுமையான நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. இதை இரண்டு முறை படி.

மஞ்சள் டிராயர் நாளிலிருந்து நீ யார் சொல்லியும் கேட்டதில்லை, தெரியும். இந்த ஒரு தடவை கேள். முதலில் உன் டாக்டரிடம் போய், இப்படிச் செய்யலாமா என்று நேராகக் கேள். அவர் சரி என்றால் பொங்கலுக்கு நாலு நாள் முன்னதாகவே வா. காட்பாடியில் இறங்கியதும் போன் செய், வண்டியோடு வருகிறேன். கிணற்றில் ஒவ்வொரு படியாக இறங்கலாம், தம்பியும் கூட இருப்பான். குதிப்பது, முங்குவது, தனியாக இறங்குவது, இந்த மூன்றும் கிடையாது. அவர் வேண்டாம் என்றால் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிரு, அதுவும் எனக்குச் சந்தோஷம்தான்.

அதுவரை அந்த டிரம்மில் அண்ணி மழைத்தண்ணீர் பிடிக்கட்டும். டாக்டர் என்ன சொன்னார் என்று இந்த வாரமே எழுது.

உன்
தனபால்