இடுப்பை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்றைய நகரத்துப் பாட்டுகள் உடலைக் காட்டியே பிழைக்கின்றன என்று சென்ற இதழ்க் கட்டுரை அடித்துச் சொல்லியிருந்தது. உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் ரெகேட்டோனை; ராப்பும் ஆட்டத் தாளமும் கலந்த பாட்டு வகை அது. நான் அதை விரும்பிக் கேட்கிற ஆள். கட்டுரையில் பாதியைத்தான் ஒத்துக்கொள்ள முடிகிறது.

அந்தப் பாதி இதுதான்: பாடுகிற ஆணுக்கு முகம் உண்டு. சுற்றி ஆடும் பெண்களுக்கு கேமரா இடுப்பைத் தாண்டி மேலே போகாது. போனாலும் முகம் தெரிவதற்குள் காட்சி மாறிவிடும். இப்படிப்பட்ட வீடியோக்கள் ஏராளம். அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

ஆனால் இந்த இசை யாருடையது என்று கட்டுரை கேட்கவே இல்லை. தீவின் தலைநகரான சான் ஹுவானின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த இசை இது. 1995-ல் ஆபாசம் என்று சொல்லி போலீஸ் இசைக் கடைகளில் புகுந்து கேசட்டுகளை அள்ளிக்கொண்டு போனது. இந்த இசைக்குப் பெண் ஆணுக்கு முதுகு காட்டி, இடுப்போடு இடுப்பு உரச ஆடும் ஆட்டத்துக்குப் பெயர் பெர்ரேயோ. 2002-ல் அந்தத் தீவின் செனட்டில் இதைப் பற்றி விசாரணையே நடந்தது. முந்தைய வருடம்தான் மிஸ் யூனிவர்ஸ் போட்டி அங்கே நடந்து, உள்ளூர்ப் பெண்ணே பட்டம் வாங்கியிருந்தார். நீச்சலுடையில் மேடையில் நடந்தால் ஊருக்குப் பெருமை. பேட்டைப் பெண் ஆடினால் மானக்கேடு. நல்ல நியாயம்!

அப்புறம் 2003-ல் ஐவி குயீன் என்கிற ரெகேட்டோன் பாடகி ஒரு பாட்டு பாடினார். எனக்கு ஆடப் பிடிக்கும், வியர்க்க வியர்க்க ஆடுவேன், அதற்காக உன்னோடு படுக்க வருவேன் என்று கணக்குப் போடாதே என்பதுதான் அதன் சாரம். அதே தாளம், அதே இடுப்பாட்டம்தான். ஆனால் எதுவரை என்று முடிவு செய்வது ஆடுகிறவள். 2020-ல் பேட் பன்னி என்கிற ஆண் பாடகர் பெண் வேடத்தில் தோன்றி, தனியாக ஆடுகிறவளை விட்டுவிடுங்கள் என்கிற வீடியோ வெளியிட்டதற்கெல்லாம் ரொம்ப முன்பு இது.

2019 ஜூலையில் போர்ட்டோ ரிக்கோவின் அப்போதைய ஆளுநர் ரிக்கார்டோ ரொசெல்லோவும் அவருடைய ஆட்களும் பெண்களையும் ஓரினச்சேர்க்கையாளர்களையும் கேவலமாகப் பேசிய சாட் பதிவுகள் கசிந்தன. மக்கள் தெருவில் இறங்கினார்கள். 24-ம் தேதி இரவு சான் ஹுவான் பேராலயத்தின் படிக்கட்டில் இளைஞர்கள் பெர்ரேயோ ஆடியதும் அந்தப் போராட்டத்தில் ஒரு பகுதி. ஆளுநர் ராஜினாமாவை அறிவித்ததும் அதே இரவில்தான். இதையும் ஆபாசக் கணக்கில் சேர்க்க முடியுமா?

கட்டுரையில் பெயர் சொல்லப்பட்ட பாடகர்கள் எல்லோரும் ஆண்கள். அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதிலாவது பாடகிகளையும் கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்