மண்மூட்டை வீட்டுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

10 அடி உள்விட்டத்தில் குவிமாட வீடு எழுந்து, பூச்சும் முடிந்துவிட்டது. செங்கல்லோ முறுக்குக் கம்பியோ சுவரில் இல்லை. சாக்கில் அடைத்த மண், வரிசைக்கு வரிசை முள்கம்பி, அவ்வளவுதான். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம். அடுத்துக் கட்டப்போகிறவர்களுக்கும் அது பயன்படட்டும்.

முதல் நன்றி, ஈரானில் 1936இல் பிறந்து 2008இல் மறைந்த கட்டடக் கலைஞர் நாதர் கலீலிக்கு. மண்சாக்கு அடுக்குகளுக்கு நடுவே முள்கம்பி ஓடவிடும் முறையைக் கலிஃபோர்னியாவின் ஹெஸ்பீரியாவில் கால்-எர்த் நிறுவனத்தில் வளர்த்தெடுத்தவர் அவர். வீடிழந்தவர்கள் தங்கள் காலடி மண்ணிலேயே தாங்களே கட்டிக்கொள்ள வேண்டும் என்று உழைத்தார். 2004இல் அந்தப் பணிக்குக் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. அவர் முறையில் நீளமான குழாய்ச் சாக்கு. நமக்கு எளிதில் கிடைப்பது 50 கிலோ அரிசிச் சாக்கு என்பதால் அதையே எடுத்தோம்.

மண் பார்த்துக் கொடுத்த பெரியவருக்கு நன்றி. கரிசல் சும்மாவே கிடைக்கிறது என்றபோது கண்டிப்பாகத் தடுத்தவர் அவர்தான். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். சாக்குக்குள் போனாலும் அந்தக் குணம் போகாது. அவர் காட்டிய செம்மண்ணைக் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, சிட்டிகை உப்புடன் குலுக்கி ஒருநாள் அசையாமல் வைத்தால் அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று பிரிந்துவிடும். மணல் 70, களி 30 என்ற கணக்குக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். களி கூடினால் மணல் சேர்க்கலாம். குறைந்தால் மண் இறுகாது. இந்த அளவு வீட்டுக்கு உதிரி மண் ஏறத்தாழ 4 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), சாக்கு 450, முள்கம்பி 400 மீட்டர் பிடிக்கும்.

கலவையில் நின்ற அக்காமார்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். இந்த வேலையில் பாதி வெற்றி ஈரப்பதத்தில் இருக்கிறது. முந்தின மாலையே மண்ணில் தண்ணீர் தெளித்து மூடிவைத்து, காலையில் புரட்டியபின், கொழுக்கட்டை பிடிப்பதுபோல் ஒரு பிடி பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தார்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. பொடியாகச் சிதறினால் தண்ணீர் போதாது. சப்பென்று படிந்தால் அதிகம். ஈரம் மிகுந்த மூட்டையைத் திமிசால், அதாவது மண் இடிக்கும் கட்டையால், இடித்தால் ஓரிடம் அமுங்க, பக்கத்திடம் எழும்பும்; பிறகு காய்ந்து சுருங்கும்போது மேல்வரிசை தளர்ந்துபோகும். அப்படிப்பட்ட கலவை ஒரு பாண்டுச் சட்டி கூடச் சுவருக்குப் போகாமல் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அஸ்திவாரக் குழி எடுத்த தம்பிகளே, அடி இரண்டு வரிசைக்கும் மண் வேண்டாம், இரட்டைச் சாக்கில் முக்கால் அங்குல ஜல்லி போடலாம் என்றதற்குச் சலிக்காமல் ஜல்லி சுமந்தீர்கள். ஜல்லியின் இடைவெளி பெரியது. தரையின் ஈரம் அதன் வழியே மேலேறாது. மண் மூட்டைகள் காய்ந்தே இருப்பது அதனால்தான்.

எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி 16 அங்குலத் தகடாக்கிக் கொடுத்த டீக்கடை அண்ணனுக்குத் தனி நன்றி. மூட்டையை நேராக முள்கம்பிமேல் வைத்தால் முள் கவ்விக்கொள்ளும், அப்புறம் அரை அங்குலம்கூட நகர்த்த முடியாது. கம்பிமேல் தகட்டை வைத்து, அதன்மேல் மூட்டையை இறக்கி, முந்தின மூட்டையோடு நெருக்கியபின் தகட்டைச் சட்டென்று உருவிவிட வேண்டும். இடித்தபின் ஒரு மூட்டை 20 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 5 அங்குல உயரம்; எடை 45 கிலோ வரும். வாயை மடக்கிப் பக்கத்து மூட்டையோடு அழுத்தி வைப்பதும், கீழ்வரிசை இணைப்பின்மேல் இணைப்பு வராமல் பார்ப்பதும் நீங்கள் எல்லோரும் பழகிக்கொண்ட ஒழுங்கு. திமிசு போட்டவர்கள் ஓசையைக் கேட்டே நிறுத்தினார்கள். மொத்தென்று கேட்டது கணீரென்று மாறினால் மூட்டை இறுகிவிட்டது.

மேஸ்திரி அண்ணனுக்கு வருகிறோம். குவிமாடம் நிற்பது அளவில். நடுவில் ஒரு குழாய், வாசல் பக்கம் உள்சுவர் ஓரத்தில் இன்னொரு குழாய், இரண்டையும் கான்கிரீட்டில் ஊன்றி, இரண்டிலும் இரும்புச் சங்கிலி கட்டினார். கயிறு இழுபடும், சங்கிலி இழுபடாது. ஓரச் சங்கிலியின் நீளம் உள்விட்டமேதான், 10 அடி, அது மாறாது. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அதை எதிர்ச்சுவருக்குப் பிடித்து, அது தொடும் இடத்துக்கு நடுச் சங்கிலியைத் திருத்தி, சுற்றிலும் அந்த அளவுக்கே மூட்டை வைக்க வேண்டும். வளைவு தொடங்கும் மட்டத்திலிருந்து உச்சி 8 அடி 8 அங்குலம், 21 வரிசை. முதல் வரிசைகளில் மூட்டை உள்பக்கம் நகர்வதே தெரியாது. 50 அங்குல உயரத்தில் வரிசைக்கு இரண்டரை அங்குலம், உச்சி நெருங்கும்போது 6, 7 அங்குலம். 15 அங்குல மூட்டையில் பாதிக்கும் குறைவுதான் கீழ்வரிசையைத் தாண்டி உள்பக்கம் நீள்கிறது, அதனால் கவிழாது. பார்வைக்குச் சரியாக இருக்கிறதே என்று ஒரே ஒரு வரிசைக்கு அளவைத் தளர்த்தினாலும் அந்தப் பிசகு மேலே மேலே பெருகும். வரிசை தவறாமல் அளந்த அவர் பொறுமைக்குத் தலை வணங்குகிறோம்.

முள்கம்பியை வரிசைக்கு இரண்டு ஓட்டமாகப் பதித்த தம்பிகள், முனைகள் ஒன்றன்மேல் ஒன்று 2 அடி படியும்படி விட்டு, அடுத்த வரிசையில் இணைப்பை வேறிடத்துக்கு மாற்றினார்கள். குவிமாடத்தின் எடை அடிவரிசைகளை வெளியே தள்ளும். அதை இழுத்துப் பிடிப்பது இந்தக் கம்பி வளையம்தான்.

வாசல் வளைவுக்கு அச்சு செய்த ஆசாரி ஐயா, அடியில் ஆப்பு வைத்துக் கொடுத்தார். உச்சியின் மூன்று மூட்டைகளையும் சேர்த்தே இடித்து, அதற்குமேல் வரிசைகள் ஏறியபின் ஆப்பைத் தட்டியதும் அச்சு தானே இறங்கியது. ஆப்பு இல்லாவிட்டால் அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மாலைதோறும் தார்ப்பாயும் கீற்றும் போட்டு மூடிய பிள்ளைகளுக்கும் நன்றி. வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் சாக்கு நொறுங்கும். மூடாமல் ஒரு கோடையைத் தாண்டினால் பூச்சுக்கு முன்பே மண் கொட்டும். ஒரு கடையில் வாங்கிய சாக்குக் கட்டுக்குள் பழைய சாக்குகள் கலந்திருந்ததை, நகத்தால் கீறிப் பார்த்துக் கழித்ததும் இவர்களே.

கடைசியாகச் சுண்ணாம்பு ஆயா. குவிமாடம் வறண்ட நாட்டு வடிவம். இங்கே சுவரும் கூரையும் ஒன்றே என்பதால் ஐப்பசி அடைமழை முழுவதும் சுவர்மேலேயே விழும். சிமென்ட் பூசினால் விறைத்து வெடிக்கும். வெடிப்பில் நுழைந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கும். அதனால் கோழிவலை அடித்து, வரிசைகளுக்கு இடையிலான பள்ளங்களை வைக்கோல் மண்ணால் நிரவி, ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு சேர்த்து, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீரில் குழைத்து, மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்று பூசச் சொன்னார். ஈரச் சாக்கு போர்த்திக் காயவைத்ததும் அவர் சொன்ன முறைதான். ஆண்டுதோறும் மழைக்கு முன் சுவரைப் பார்த்து, மயிரிழை விரிசல்களைச் சுண்ணாம்புப் பாலால் அடைப்போம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

சங்கிலிகள், இரண்டு திமிசு, நான்கு தகடு, இரண்டரை அடி வாசல் அச்சு, மீந்த முள்கம்பி எல்லாம் திண்ணையில் இருக்கின்றன. உங்களில் யார் கட்ட ஆரம்பித்தாலும் எடுத்துப் போகலாம். மூட்டை தூக்க நாங்களும் வருகிறோம்.

நன்றியுடன்,
குவிமாட வீட்டார்