நாற்றின் உயரத்தைப் பார்க்காதீர்கள், நிழல்வலையின் சதவீதத்தைக் கேளுங்கள்

தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கும், குழித்தட்டு நாற்றுப்பண்ணை நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பாலக்கோடு ஆனாலும் ஒட்டன்சத்திரம் ஆனாலும் புகார் ஒன்றுதான். தக்காளி நாற்றை நட்ட மூன்றாம், நான்காம் நாளில் இலை வெளுத்துக் காகிதமாகக் காய்கிறது. கருகல் நோய் என்று ஒருவர் காப்பர் மருந்து அடிக்கிறார். உரம் சுட்டுவிட்டது என்று இன்னொருவர் பண்ணைக்காரரோடு மல்லுக்கு நிற்கிறார்.

மருந்துக் கடைக்குப் போகும் முன் இலையை உற்றுப் பாருங்கள். மேல் இலையின் நிழல் விழுந்த பாகம் பச்சையாகவே இருக்கிறதா? வெயில் நேராகப் பட்ட பாகம் மட்டும் வெளுத்திருக்கிறதா? புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையமோ, அடிப்புறம் பூஞ்சணமோ இல்லையா? வயல் முழுக்க ஒரே சமயத்தில் வந்ததா? அப்படியானால் அது வெயில் காயம். அதற்கான காரணம் வயலில் இல்லை, பண்ணையில் இருக்கிறது.

தெளிந்த வானத்தில் உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்குச் சுமார் 2000 மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) ஒளியைத் தரும். பண்ணையில் நாற்றுக்கு மேல் கட்டும் நிழல்வலை 75 சதவீத ஒளியை மறைப்பதானால், உள்ளே வருவது 500 மட்டுமே. அந்த ஒளியில் விரியும் இலை அதற்கேற்பவே தன்னைக் கட்டிக்கொள்கிறது: பரப்பு அகலம், தடிமன் குறைவு. ஒளியைப் பிடிக்கும் பாலிசேட் செல்கள் குட்டையாக, ஓரடுக்காக நிற்கும். எடைக்கு எடை பச்சையம் கூடுதல், ஆனால் கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் ரூபிஸ்கோ நொதி குறைவு. பார்வைக்குக் கரும்பச்சையாகத் தளதளவென்று இருப்பதால் வாங்குபவரும் ஏமாந்துபோகிறார்.

இந்த இலையை ஒரே நாளில் திறந்த வெயிலில் நிறுத்தினால், பிடித்த ஒளியைச் செலவழிக்க வழியில்லை. மிச்ச ஆற்றலை வெப்பமாக வெளியேற்ற இலையில் சாந்தோஃபில் நிறமிகள் உண்டு. நிழலில் வளர்ந்த இலையில் அவற்றின் கையிருப்பும் சொற்பம். ஒளிச்சேர்க்கை அமைப்பின் டி1 புரதம், பழுதுபார்க்கும் வேகத்தை மிஞ்சிச் சிதைகிறது. பின்னாலேயே பச்சையமும் வெளுக்கிறது. பிடுங்கி நட்டதில் வேர் அசைந்திருப்பதால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். கரியமில வாயு உள்ளே வருவதும் குறைந்து, காயம் இரட்டிப்பாகும்.

பலரும் தவறவிடுவது இதை: விரிந்து முடிந்த இலை இனித் தடிக்காது. அதன் தடிமனும் அடுக்கும் குருத்துப் பருவத்திலேயே முடிவாகிவிடும். கீழே உள்ள முதிர்ந்த இலைகள் காணும் ஒளியும் அந்த முடிவில் பங்குபெறுகிறது. ஆகவே அனுப்புவதற்கு முன் இரண்டு நாள் வெயில் காட்டினோம் என்பது கணக்கில் சேராது. வெயிலைப் பார்த்தே விரிந்த இலை ஒன்றிரண்டாவது வர வேண்டும். அதற்கு 7 முதல் 10 நாள் ஆகும். 25 நாளில் விற்கும் தக்காளி நாற்றுக்கு 15ஆம் நாளே தொடங்க வேண்டும். முதல் மூன்று நாள் காலை பத்து மணி வரை வலையைச் சுருட்டி வையுங்கள், அடுத்த மூன்று நாள் பன்னிரண்டு வரை, பிறகு நாள் முழுக்க. தண்ணீரைக் குறைத்தாலே நாற்றைக் கடினப்படுத்தியதாகிவிடும், அதாவது வயலுக்குப் பழக்கியதாகிவிடும் என்பது பாதி உண்மைதான். வலைக்குள் காயப்போட்ட நாற்றின் இலை நிழல் இலையாகவே இருக்கும்.

வலைக்கு வருவோம். தக்காளி, மிளகாய்க்கு 50 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். 75 போட்டால் தண்ணீர் மிச்சம், நாற்று சீக்கிரம் உயரும், அதனால் பிடித்துப்போகிறது. அந்த உயரம் கணு இடைவெளி நீண்டதால் வந்தது, வளர்ச்சியால் அல்ல. நிறமும் முக்கியம். கறுப்பு வலை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். பச்சை வலையோ சிவப்பையும் நீலத்தையும் கூடுதலாக மறைத்துத் தொலைசிவப்பை (சிவப்புக்கு அப்பால் உள்ள, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளியை) விடும். பக்கத்துச் செடி தன்னை மூடுகிறது என்று எண்ணி நாற்று இன்னும் நீளும்.

வலையின் உறையில் அச்சடித்த சதவீதத்தையும் நம்ப வேண்டாம். 50 சதவீத வலையும் தூசி படிந்தால் 50ஐத் தாண்டி மறைக்கும். ஒளியை அளக்கும் மலிவான லக்ஸ் மீட்டர் போதும்: நண்பகலில் வெளியே ஒருமுறை, வலைக்குள் நாற்றின் மட்டத்தில் ஒருமுறை அளந்து வகுத்துப் பாருங்கள். வெளியே ஒரு லட்சம் லக்ஸ் என்றால் உள்ளே 50,000 வர வேண்டும். குறைந்தால் வலையைக் கழுவுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கணக்கே வேறு. கோடையில் ஒரு சதுர மீட்டருக்கு நாள் முழுக்கச் சேர்ந்து 40 மோல் (ஒரு மோல் பத்து லட்சம் மைக்ரோமோல்) அளவில் கிடைக்கும் ஒளி, மேகம் மூடிய நாளில் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். 20 மோலில் 75 சதவீதத்தை மறைத்தால் மிஞ்சுவது 5. தக்காளி நாற்று திடமாக வளர 12 மோலாவது வேண்டும். அந்த மாதங்களில் மழைக்குத்தான் மறைப்பு வேண்டும், வெயிலுக்கு அல்ல.

துறையிடம் கேட்பது: நிழல்வலைக் குடிலுக்கான மானியம் சதுர மீட்டரை அளக்கிறது, உள்ளே விழும் ஒளியை அளப்பதில்லை. கூரை வலை சுருட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்குங்கள். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கு ஒரு லக்ஸ் மீட்டர் கொடுத்து, ஆய்வுக்கு வரும்போது அளக்கச் சொல்லுங்கள்.

பண்ணையாளர்களிடம் கேட்பது: ரகம், விதைத்த தேதியோடு வலையின் சதவீதத்தையும், வலையைத் திறக்கத் தொடங்கிய தேதியையும் ரசீதில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
காய்கறி நாற்று வளர்ப்பில் ஈடுபட்டுள்ளோர்